உள்ளங்கை வியர்வையும் கண்ணிமையும்

பரீட்சை எழுதும் மாணவனின் விடைத்தாள் நனைந்து மை கரையும் அளவுக்கு உள்ளங்கை வியர்ப்பது அற்ப உபாதையன்று. ஆகவே, மார்பில் சிறு துளையிட்டுக் கருவி செலுத்தி, முதுகெலும்பின் ஓரமாக விலா எலும்புத் தலைகளின்மேல் வெளிறிய நூல்போல் இறங்கும் பரிவு நரம்புச் சங்கிலியைத் துண்டிக்கும் சிகிச்சை பிரசித்தி அடைந்ததில் வியப்பில்லை. மயக்கம் தெளியும்போதே கை உலர்ந்து வெதுவெதுப்பாயிருக்கக் காண்பவர் பலர்; இவ்வளவு விரைவான பலனை வைத்தியத்தில் எளிதில் காண முடியாது.

ஆயினும் அதே சங்கிலியின் உச்சியில், கழுத்தின் கடைசி முடிச்சும் மார்பின் முதல் முடிச்சும் பெரும்பாலோர்க்கு ஒன்றிக் கிடக்கும் நட்சத்திர முடிச்சின் வழியாகவே கண்ணுக்குரிய இழைகளும் மேலேறுகின்றன. கருவியின் முனை அதனைத் தீண்டாவிடினும், மின்சூட்டின் வெப்பம் பரவியோ, சங்கிலி இழுபட்டோ அவ்விழைகள் பழுதுறக்கூடும். அப்போது அப்பக்கத்து மேலிமை ஓரிரு மில்லிமீட்டர் தொய்கிறது. கண்ணின் பாவை சுருங்குகிறது. ஸ்விட்சர்லாந்துக் கண் மருத்துவர் ஹோர்னர் 1869இல் விவரித்த இக்கோளாறு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. விளக்கை மங்கச் செய்தால் ஒரு பாவை சட்டென விரிய, மற்றது பின்தங்கி நிற்பது தெளிவாகத் தெரியும்; நல்ல வெளிச்சத்திலோ அந்தப் பேதம் குறைந்துவிடுவதால், பரிசோதிப்பவர் கண்ணுக்கே தப்பிவிடுவதுண்டு.

இது அபூர்வம், பார்வையும் கெடுவதில்லை என்று இச்சிகிச்சையை ஆதரிப்போர் கூறுவது மெய்யே. ஆனால் நுரையீரல் உச்சியின் புற்றை அகற்றுகையில் இமை தொய்வதும், உயிருக்கு ஆபத்தேதுமில்லாத இளைஞன் ஒருவன் கை உலர வேண்டி முகத்தின் சமநிலையை இழப்பதும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கவையா? நரம்பு அதிர்ச்சியுற்ற அளவோடு நின்றால் சில மாதங்களில் தேறலாம். அறுபட்டால் பெரும்பாலும் நிரந்தரமே. முதுகிலும் வயிற்றிலும் வியர்வை பெருகும் பின்விளைவோ இதனினும் மிகச் சாதாரணம்.

2011இல் அமெரிக்க மார்பு அறுவை நிபுணர் சங்கத்தின் குழு, துண்டிக்கும் இடத்தை விலா எலும்பின் எண்ணால் குறிக்க வேண்டுமென்று வகுத்தது இத்துறைக்குச் செய்த பேருபகாரம். உள்ளங்கைக்கு மூன்றாம் அல்லது நான்காம் விலாவின் மட்டத்தோடு நிற்பதே உசிதம். கையில் சிறிது ஈரம் எஞ்சினும் கண் காக்கப்படுகிறது.

அலுமினியம் குளோரைடு பூச்சு, நீரில் கைவைத்துச் செய்யும் மின்சிகிச்சை, போட்டுலினம் ஊசி ஆகியவற்றைப் பரீட்சித்துப் பாராமல் எவரும் இதற்கு உடன்பட வேண்டாம். உடன்படுவோர், எந்த விலாவின்மேல் துண்டிக்கப் போகிறீர்கள் என்று கேட்டறிந்த பின்னரே சம்மதப் பத்திரத்தில் கையொப்பமிடுவார்களாக.