எட்டுப் பருவங்களும் லயத்து வாழ்வும்

ஆசிரியப் பயிற்சிக்கென எழுதப்படும் உளவியற் கைந்நூல்களில் எரிக் எரிக்சன் வகுத்த எட்டு வாழ்க்கைப் பருவங்கள் ஓர் அட்டவணையாக அடங்கிக் கிடக்கின்றன. சிசுவின் நம்பிக்கையில் தொடங்கி முதுமையின் நிறைவில் அது முடிகிறது. மனனஞ் செய்து தேர்வெழுதிவிட்டு, அட்டன் மலைகளில் வகுப்பறைக்குள் நுழைகிறோம். அங்கே அந்த அட்டவணை எவ்வளவு தூரம் உதவுகிறது?

ஐந்தாம் பருவத்தை எடுத்துக்கொள்வோம். ‘நான் யார்?’ என்று குமரப் பருவத்தினர் கேட்கும் காலம் அது. பொறுப்புகளால் கட்டுண்ணாது பல வழிகளையும் முயன்று பார்க்கச் சமுதாயம் அவர்களுக்கு அவகாசம் தருகிறது என்றார் எரிக்சன். தோட்டத்தில் அந்த அவகாசத்தைத் தந்தவர் யார்? தலைமுறை தலைமுறையாக அங்கே அவ்வினாவுக்குக் கிடைத்த விடை ‘பேர் பதிதல்’ என்பதே. செக்ரோலில் பெயர் ஏறியதும் பெண் கொழுந்துக் கூடையை ஏற்றாள். ஆண் கவ்வாத்துக் கத்தியை ஏந்தினான். சி. வி. வேலுப்பிள்ளை 1970இல் வெளியிட்ட ஆங்கில நூலுக்கு ‘உழைக்கப் பிறந்தவர்’ எனப் பொருள்படும் தலைப்பை இட்டது காரணமின்றியன்று.

தோட்ட நிருவாகம் ஒருபுறமிருக்க, அரசும் இவ்வினாவில் கைவைத்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அவ்வாண்டில் லயத்துக் காம்பரா ஒன்றில் பிறந்த குழந்தையை எண்ணிப் பாருங்கள். 1964இல் அதற்கு வயது பதினாறு. அவ்வாண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. 150,000 பேரின் கதி பின்னொரு நாளுக்கென ஒத்திவைக்கப்பட்டது. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தபோது அக்குழந்தைக்கு வயது ஐம்பத்தைந்து. அட்டவணைப்படி அது அடுத்த தலைமுறையை வளர்த்தெடுக்கும் ஏழாம் பருவம். தான் எந்நாட்டவன் என்பதே தீராதிருந்தவன் பிள்ளைக்கு எதைச் சொல்லிக் கொடுத்திருப்பான்?

இதனால் எரிக்சனைத் தள்ளிவிட வேண்டுமென்பதில்லை. 1950இல் வெளிவந்த ‘குழந்தைப் பருவமும் சமுதாயமும்’ என்ற நூலில் அவர் சியூ, யூரோக் ஆகிய அமெரிக்கப் பழங்குடியினரின் பிள்ளை வளர்ப்பை அவர்தம் வாழ்க்கை முறையோடு இணைத்தே நோக்கினார். அந்நூலிலிருந்து சமுதாயத்தைக் கழித்துவிட்டு வயதுகளை மட்டும் மிச்சம் வைத்தது நம் கைந்நூல்கள் செய்த பிழை.

இப்பிழை ஏட்டளவில் நிற்பதில்லை. க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைக்கு முன்னரே ஒரு மாணவன் கொழும்புக் கடையொன்றுக்கு வேலைக்குப் போய்விடுகிறான். வகுப்பில் அவனிடம் வெறுமையாகிறது. ‘கல்வியில் ஊக்கமில்லை’ என்று நாம் எழுதிவைக்கிறோம், நானும் எழுதியிருக்கிறேன். ஊக்கத்தை அளக்குமுன், அவனுக்குரிய அவகாசத்தைப் பறித்தது எது என்று கேட்டிருக்க வேண்டும். அக்கேள்வியை எழுப்பாத உளவியலை நம் பிள்ளைகளின் மீது சுமத்த நமக்கு உரிமையில்லை.