மஞ்சள் ஒயரும் சிவப்பு ஒயரும்

இந்த ஒன்பது அங்குல ஆண்ட்ராய்டு கார் ஸ்டீரியோவின் திரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெயிலிலும் தெளிவாகத் தெரிகிறது, ஃபோன் சட்டென்று இணைகிறது, பாட்டு நன்றாகவே கேட்கிறது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் 4×50 வாட் வெறும் உச்ச அளவு. கூடவே வரும் 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 200 வாட் தொடர்ந்து போக வழியே இல்லை. அதையும் மன்னித்துவிடலாம். வாரக்கணக்கில் புழங்கிய பிறகு இதன் தரத்தை முடிவு செய்வது பின்னால் தொங்கும் ஒயர்க் கொத்துதான். சாவியை அணைத்ததும் கடிகாரமும் எஃப்எம் நிலையங்களும் மறந்துபோகின்றன. வண்டியைச் சில நாள் எடுக்காவிட்டால் பேட்டரி இறங்குகிறது. எஞ்சின் ஓடினால் ஸ்பீக்கரில் ஊளைச் சத்தம். இப்படிப்பட்ட புகார்களைக் கடைகளில் ‘செட் கம்ப்ளெயின்ட்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் பழுது செட்டில் இல்லை, அதற்குப் போகும் மின்சாரத்தில் இருக்கிறது. ஆனாலும் தயாரித்தவரை நான் விட்டுவிடப் போவதில்லை.

செட்டுக்கு இரண்டு வழியில் மின்சாரம் வேண்டும். மஞ்சள் ஒயர் பேட்டரியிலிருந்து எப்போதும் வருவது. நினைவைக் காப்பது அதுதான். சிவப்பு ஒயர் சாவி திரும்பும்போது மட்டும் உயிர்பெற்று செட்டை எழுப்புவது. ஆனால் காரின் கப்ளரில் இவை எந்தப் பின்னில் இருக்கும் என்பது எல்லா வண்டியிலும் ஒன்றல்ல. ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் பல பழைய கார்களில் 4-வது பின்னும் 7-வது பின்னும் இடம் மாறியிருக்கும். அப்படியே சொருகினால் செட் பாடும், ஆனால் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் மறக்கும். இரண்டு ஒயரையும் மாற்றி இணைத்தால் தீர்ந்துபோகும் இந்தக் கோளாறைப் பற்றி, பெட்டியில் இருக்கும் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை.

பொருத்துகிறவர் சரியாகச் செய்தால் இதெல்லாம் வராதே என்பார்கள். உண்மைதான். ஆனால் ‘சொருகினால் போதும்’ என்று விற்கும் நிறுவனம் தன் பொறுப்பைப் பொருத்துகிறவர் தலையில் கட்ட முடியாது. வழிகாட்டுதல் இல்லாதபோது அவர் குறுக்குவழிக்குப் போகிறார்: மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி நேரே பேட்டரி லைனில் கொடுத்துவிடுகிறார். மறதி போய்விடும், செட் தூங்குவதும் போய்விடும். நிறுத்திவைத்த கார் பொதுவாக 50 மில்லியாம்பியருக்குள்தான் எடுக்க வேண்டும். விழித்திருக்கும் செட் அரை ஆம்பியர் இழுத்தாலே 35 ஆம்பியர்-மணி பேட்டரி 70 மணி நேரத்தில் காலியாகிவிடும். செல்ஃப் எடுக்காத நிலை அதற்கும் முன்பே வந்துவிடும். பழி பேட்டரிக்குப் போகிறது.

எல்லோரும் கவனிக்கத் தவறுவது எர்த்துக்குப் போகும் கறுப்பு ஒயர். மல்டிமீட்டரில் 12 வோல்ட் காட்டினால் லைன் சரி என்று முடிவு கட்டுவது தவறு. மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு என்பதால் துருப்பிடித்த இணைப்பின் வழியாகவும் முழு வோல்ட் தெரியும். செட்டைச் சத்தமாகப் பாடவிட்டு, அதன் கறுப்பு ஒயருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே அளக்க வேண்டும். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்று. அரை வோல்ட் காட்டினால் பெயின்ட்டைச் சுரண்டி வேறு போல்ட்டில் முறுக்க வேண்டும். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளைக்கும் பல நேரம் காரணம் இந்த எர்த்தான். அதைச் சரிபார்க்காமல் ஃபில்டர் வாங்கி மாட்டுவது வீண் செலவு.

காரின் கப்ளரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றும் வழக்கத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை. டேப்பின் பசை வெயிலில் இளகும், அதிர்வில் முறுக்குத் தளரும், ஃபியூஸ் போகும். உடனே அந்த இடத்தில் 20 ஆம்பியர் ஃபியூஸைச் செருகிவிடுகிறார்கள். ஃபியூஸ் காப்பது செட்டை மட்டுமல்ல, டேஷ்போர்டுக்குள் ஓடும் மெல்லிய ஒயரையும்தான். அது சூடேறினால் தீப்பிடிக்கும். எதையும் வெட்டாமல் நடுவே சொருகும், காருக்கேற்ற இடைக் கப்ளரின் விலை செட் விலையில் சிறு பங்குதான். அதைச் சேர்த்துத் தராத கடையில் இந்த செட்டை வாங்காதீர்கள்.