புல்வெளி மீதான வழக்கு: போலன் பார்க்காத புல்

அமெரிக்க வீட்டுப் புல்வெளியைக் குறை சொல்பவர்கள் அடிக்கடி கையில் எடுப்பது, 1989-ல் நியூயார்க் டைம்ஸ் வார இதழில் மைக்கேல் போலன் எழுதிய 'ஒய் மோ?' (எதற்குப் புல் வெட்டணும்?) கட்டுரை. நல்ல கட்டுரைதான். அக்கம்பக்கத்தாரின் நச்சரிப்புக்குப் பதிலாக, அவருடைய அப்பா ஓங்கி வளர்ந்த புல்லில் மெஷினை ஓட்டித் தன் இனிஷியலை வெட்டி வைத்த இடத்துக்காகவே படிக்கலாம்.

போலனின் வாதம் இது: புல்லை விதைக்கவும் விடுவதில்லை, சாகவும் விடுவதில்லை; ஓயாமல் வெட்டி, ஒரே பச்சையில் நிறுத்தி வைக்கிறோம். எனக்கு இடிப்பது இங்கேதான். அவர் வெட்டியது கனெக்டிகட்டில், குளிரை விரும்பும் புல் வளரும் ஊரில். தெற்கே ஜார்ஜியா, அலபாமா பக்கம் போனா கதையே வேற.

அங்கே பெர்முடா புல். வேற ஒண்ணும் இல்லை, நம்ம அருகம்புல்தான். 27 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெயில் அதற்குக் கொண்டாட்டம். தரைக்கு மேலேயும் கீழேயும் தண்டு ஓட்டி, கணுவுக்குக் கணு வேர் விடும். மேலே வெட்டினா பக்கவாட்டில் அடர்த்தியாகும். டிஃப்டன் ஊரில் கிளென் பர்ட்டன் உருவாக்கி 1960-ல் வெளிவந்த டிஃப்வே ரகம் மலட்டுக் கலப்பினம். தண்டை நட்டுத்தான் பரப்பணும். விதைக்க விடலைங்கிற குற்றச்சாட்டு இங்கே செல்லாது.

சாக விடலைங்கிறதும் அப்படித்தான். உறைபனி விழுந்ததும் பெர்முடா பழுப்பாகி உறங்கிவிடும்; மண் சூடேறினா தானாகவே துளிர்க்கும். அந்தப் பழுப்பைப் பொறுக்க முடியாமல்தான் இலையுதிர் காலத்தில் மேலே ரை புல் விதையைத் தூவுகிறார்கள், சிலர் பச்சைச் சாயமே அடிக்கிறார்கள். ரை புல்லுக்காகக் குளிர்காலத்திலும் தண்ணீர், உரம், வெட்டு. வசந்தத்தில் அதே ரை நிழல் போட்டு, துளிர்க்கும் பெர்முடாவை அமுக்குகிறது. நிழல் பெர்முடாவுக்கு ஆகவே ஆகாது.

ஊரோடு ஒத்துப்போகச் சொல்லும் நெருக்கடி, கொட்டும் மருந்து, இவை பற்றிப் போலன் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் புல்வெளியை எடுத்துவிட்டுத் தோட்டம் போடுங்கள் என்ற அவர் முடிவு, அதற்கு வசதி இல்லாதவருக்கு எதையும் மிச்சம் வைப்பதில்லை. தெற்கத்தி வீட்டுக்காரர் மெஷினை விற்க வேண்டாம். குளிர்காலத்தில் புல்லைப் பழுப்பாகவே கிடக்க விட்டால், பாதிச் செலவுக்குக் காரணமே இருக்காது.