விவிலியத்தின் விக்கிரக நிந்தை

யூதர் வேதமாகிய பழைய ஏற்பாடு விக்கிரக வழிபாட்டை வெறுமையென இகழ்தல் யாவரும் அறிந்ததே. அவ்விகழ்ச்சி எப்பொருள் மேற்று, எத்துணைத் தூரம் செல்லும் என்பதை நடுநிலை பிறழாது ஈண்டு ஆராய்வாம்.

ஏசாயா 44-ஆம் அதிகாரத்தில் ஒரு தச்சன் காட்டப்படுகின்றான். அவன் மரமொன்றை வெட்டி, ஒரு பாதியை எரித்துக் குளிர்காய்ந்து அப்பஞ் சுடுகின்றான். மற்றைப் பாதியைத் தேவனாகச் செதுக்கி, அதன்முன் வீழ்ந்து காத்தருள வேண்டுகின்றான். கி.மு. 6-ஆம் நூற்றாண்டிற் பாபிலோனிற் சிறையிருந்தார்க்கு உரைக்கப்பட்டது இப்பகுதி என்பது இக்கால ஆய்வாளர் பலர் துணிபு. வென்றவருடைய தேவர்களின் உருவங்களைக் கண்டு மனந்தளர்ந்தாரைத் தேற்றுதற்கு எழுந்த உரை இஃதென்க.

ஆயின், பாபிலோனியர் தாமும் மரத்தையே தேவனென்று கொண்டாரல்லர். உருவத்திற்கு ‘வாய்கழுவல்’ என்னுஞ் சடங்கு இயற்றினர். அதிற் கம்மியர் கைகளைக் கட்டி, மரவாளால் வெட்டுவதுபோற் காட்ட, அவர் இதனைச் செய்தவர் தாமல்லரென்று சூளுறுவர். களிமண் ஏடுகளால் இஃது இன்று தெளிவாயிற்று. ஏசாயா பணியறையளவில் நின்றுவிட்டார்; சடங்கினுட் புக்கிலர். விவிலிய ஆசிரியர் பிறர் வழிபாட்டை வெறுஞ் சடப்பொருள் வழிபாடாகவே கண்டனரென்று யூதப் பேரறிஞர் எகெஸ்கேல் காஃப்மன் (1889–1963) தாமே எழுதிப் போந்தார்.

இனி, எண்ணாகமம் 21-இல் மோசே இறைவன் ஆணையால் வெண்கலச் சர்ப்பம் செய்கின்றார்; அதனை நோக்கினார் பிழைக்கின்றனர். அதனையே, மக்கள் அதற்குத் தூபங்காட்டினமையின், எசேக்கியா மன்னர் உடைத்தாரென்று இரண்டாம் இராஜாக்கள் 18 கூறும். உலோகம் ஒன்றே, வேறுபட்டது நோக்கு.

அற்றேல், ஆணை உண்மை இன்மைகளே வேறுபாடெனின், அஃது எமக்கும் உடன்பாடே. சிவாலயத் திருமேனி தச்சன் கருத்தளவில் நிற்பதன்று; ஆகமவிதியால் எழுந்தருளுவிக்கப்படுவது. எனினும் மெய்யான வேறுபாடொன்றுண்டு. அதனை மறைத்தல் தகாது. ஓரேபிற் குரலன்றி உருவங் காணாமையின் உருவஞ் செய்யற்க என்பது உபாகமம் 4. அருவம், உருவம், அருவுருவம் என்னும் மூன்றும் அருளாற் கொள்வன் இறைவன் என்பது நம் சித்தாந்தம். வழக்கு நிற்பது இவ்விடத்தேயன்றித் தச்சன் பட்டறையிலன்று. ஆறுமுகநாவலர் 1854-இற் சைவதூஷண பரிகாரத்தில் விவிலியத்தைக் கொண்டே விடையிறுத்தமை அறிஞர் அறிவர்.

எனினும் வென்றேமென்று அமைதல் கூடாது. விக்கிரகம் கண்ணிருந்துங் காணாது. அதனைச் செய்வாரும் நம்புவாரும் அதுபோலாவர் என்பது சங்கீதம் 115-இன் கருத்து. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பெனக் கொள்ளும் நாம் இதனை எங்ஙனம் மறுப்போம்? ஆலயத்தை அரனெனவே தொழுகவென்று சிவஞானபோதம் 12-ஆம் சூத்திரம் விதித்தது. அங்ஙனங் கருதாது, பழக்கத்தால் வலம்வந்து அணியையும் ஆரவாரத்தையுமே கண்டு மீள்வான் கல்லையே சார்ந்தான். கல்லின் வண்ணமே ஆவான். அவனளவில் அந்நிந்தை பொய்யன்று. அதற்கு நாம் தரும் மெய்யான மறுப்பு, சந்நிதியிற் சிவனையே கண்டு நிற்றலாம்.

திருச்சிற்றம்பலம்.