கணக்குப்பிள்ளை குடித்த டீ

'மெட்ராஸ் கஃபே' இந்திப் படம் 2013 ஆகஸ்டில் வந்தது. ஈழப் போராளிகளைத் தப்பாகக் காட்டுகிறது என்று எதிர்ப்பு கிளம்ப, தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் ஒதுங்கிக்கொண்டன. நம்மைப் பற்றிய படத்தை நம்மைத் தவிர மற்றவர்கள் பார்த்தார்கள்! நான் பார்த்தது ரொம்ப நாள் கழித்து, வீட்டு டி.வி.யில்.

சும்மா சொல்லக்கூடாது, ஷூஜித் சர்க்கார் விறுவிறுப்பாகவே எடுத்திருக்கிறார். என் புகார் வேறு. உளவு அதிகாரி பாலா (பிரகாஷ் பெலவாடி, நல்ல நடிப்பு) ரகசியத்தை வெளியே விடுகிறார். ஏன்? ஒரு பெண், அப்புறம் மிரட்டல். மேட்டர் ஓவர்!

பாலாவைப் பார்த்தால் உண்ணிகிருஷ்ணன் ஞாபகம் வராமல் இருக்காது. 'ரா'வின் சென்னை அலுவலகத்தில் இருந்தவர். இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தான அதே 1987-ல் கைதானார். விமானப் பணிப்பெண்ணை வைத்து வலை விரித்தார்கள், சி.ஐ.ஏ.வுக்குத் தகவல் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு.

சரி, எல்லாக் கசிவுக்கும் வலை வேண்டுமா என்ன? 1985 ஜனவரியில் டெல்லியில் அம்பலமான குமார் நாராயண் விவகாரத்தைப் பாருங்கள். பிரதமர் அலுவலகம் வரை உதவியாளர்கள் ஃபைல்களை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்தார்கள். பதிலுக்குப் பணம், விஸ்கி. காகிதங்கள் போய்ச் சேர்ந்ததோ அந்நிய நாடுகளுக்கு. பிரதமரின் முதன்மைச் செயலாளர் பி.சி. அலெக்சாண்டர் பொறுப்பேற்று ராஜினாமா செய்தார்.

கொடுத்தவர்கள் தெரிந்து கொடுத்தார்களா, தெரியாமலா?

பி.காம். படித்தபோது லீவில் நாமகிரிப்பேட்டையில் பெரியப்பாவின் மஞ்சள் மண்டியில் பேரேடு எழுதுவேன். குடோனில் எத்தனை மூட்டை தேங்கியிருக்கிறது என்று வெளியூர் வியாபாரிக்கு எப்படியோ தெரிந்துவிடும். அவர் அவசரமில்லாமல் விலையை அடிப்பார். விசாரித்தால், எங்கள் கணக்குப்பிள்ளை தினமும் ஒரு 'சிநேகிதரோடு' டீ குடித்தபடி பேசியிருக்கிறார்.

"சத்தியமா ஒரு பைசா வாங்கலீங்க!" என்று அழுதார். உண்மைதான்.

"அது உன் கணக்கு. என் கணக்குல மூட்டைக்கு 20 ரூபாய் நட்டம். அவன் ஏன் தினமும் உனக்கு டீ வாங்கித் தர்றான்னு ஒரு நாளாவது கேட்டியா?" என்றார் பெரியப்பா.

அதுதான் விஷயம். முதல் டீ தெரியாமல் குடித்ததாக இருக்கலாம். பத்தாவது டீ? 'தெரியாது' என்பதற்கும் 'தெரிந்துகொள்ள விரும்பவில்லை' என்பதற்கும் நடுவில்தான் நிறையக் கசிவு நடக்கிறது. படம் கோட்டைவிட்ட இடம் இது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தெரிந்தா, தெரியாமலா என்று கேட்கும் முன், கொடுத்தாரா என்றே பார்க்கணும். இஸ்ரோவின் நம்பி நாராயணனை 1994-ல் உளவாளி என்று பிடித்துப் போட்டார்கள். கைதே தேவையற்றது என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் 50 லட்ச ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது 2018-ல். 24 வருஷம்!

பாலாவைப் பார்த்துவிட்டு 'நான் அப்படியில்லப்பா' என்று நிம்மதியாக எழுந்து போய்விடலாம். கணக்குப்பிள்ளையைப் பார்த்தால் அது முடியாது.