துயரம் ஈமானின் குறைவா? அல்பல்கீயின் நூல் ஒரு மதிப்பீடு

ஊரடங்குக் காலத்தில் நம் இளைஞர் பட்ட மனத்துயரை நம்மவருள் சிலர் ஈமானின் குறைவென்றே எடை போட்டனர். அந்த எடைக்கல் நம் முன்னோர் கையாண்டதன்று என்பதற்கு அரபு மொழியில் ஒரு நூல் சான்றாக நிற்கிறது. அபூ ஸைத் அல்பல்கீ (850-934) இயற்றிய 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்பது அதன் பெயர். உடல்களின், உள்ளங்களின் நலன்கள் என்பது பொருள். இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்கு வட்டாரத்தவரான ஆசிரியர், முற்பகுதியில் உடல் நலத்தையும் பிற்பகுதியில் உள்ள நலத்தையும் வகுத்துரைக்கிறார். சினம், அச்சம், துயரம், வஸ்வாஸ் என்னும் ஓயாத தீய எண்ணம் ஆகியவை அவர் ஆராயும் உள்ள நோய்கள்.

நூலின் சிறந்த இடம் துயரத்தைப் பற்றிய பகுதியே. காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணம் புலப்படாமல் உடலின் மாற்றத்தால் எழும் துயரம் வேறு என்று அவர் பிரிக்கிறார். முன்னதற்குப் பிறர் கூறும் நல்லுரையும் தன் சிந்தனையும் மருந்து. பின்னதற்கு உடல் மருத்துவமும் வேண்டும் என்கிறார். குருதியின் தன்மையைக் காரணமாகக் காட்டும் அவர் காலத்து விளக்கம் இன்று செல்லாது. ஆயினும் துயரத்தைக் குற்றமாகக் கொள்ளாமல் நோயாகக் கண்ட நோக்கு பழுதுபடவில்லை. மகனைப் பிரிந்த துயரால் கண்ணொளி இழந்தவர் யஃகூப் நபி (அலை) என்று இறைமறை கூறுகிறது. அவருடைய ஈமானை யார் குறைகூறுவார்?

வஸ்வாஸுக்குத் தனிமை ஆகாது, மக்களோடு கலந்து பழகுக என்பது ஆசிரியரின் மற்றோர் அறிவுரை. 2020 மார்ச் 25 முதல் நாடே அடைபட்டபோது இதனைக் கைக்கொள்ள வழியில்லை. அவ்வாண்டு ரமளானில் தராவீஹ் தொழுகையும் வீட்டுக்குள் ஒடுங்கியது. தமிழகத்தில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் பள்ளி திறந்தது. பந்தலூர் போன்ற மலையூரில் தேயிலைத் தோட்டங்களுக்கிடையே வீடுகள் சிதறிக் கிடக்கின்றன. எல்லா இடத்திலும் கைபேசி அலை எட்டுவதில்லை. நெருக்கமான லைன் வீட்டில் அடைபட்ட பிள்ளைக்குத் தனித்திருக்க இடமும் இல்லை, ஒத்த வயதுத் துணையும் இல்லை.

இஃதிகாஃபும் கல்வத்தும் நம் மரபில் இல்லையா எனச் சிலர் கேட்பர். அவை நிய்யத்தோடு தாமே விரும்பி ஏற்பவை, எல்லையும் உடையவை. இளைஞர்மீது விழுந்த அடைப்புக்கு இவ்விரண்டும் இல்லை. கொள்ளைநோய் கண்ட ஊருக்குள் செல்லாதீர், அவ்வூரை விட்டு வெளியேறாதீர் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. எனவே கதவடைத்தது முறையே. அடைபட்டவரின் குறையைக் கேளாதிருந்ததே பிழை.

இப்பிழையின் அளவை 2021இல் வெளிவந்த யுனிசெஃப் அறிக்கை காட்டுகிறது. இந்தியாவில் 15 முதல் 24 வயதுக்குட்பட்டோருள் 14 விழுக்காட்டினர் அடிக்கடி மனச்சோர்வோ நாட்டமின்மையோ உற்றதாகக் கூறினர். மனநலச் சிக்கலுக்கு உதவி நாடுவது நன்றென்றவர் 41 விழுக்காட்டினரே. 21 நாடுகளின் சராசரியோ 83. நாணமும் பழிச்சொல்லும் வாயை அடைத்திருக்கின்றன என்பதற்கு வேறு சான்று வேண்டா.

நூலில் குறையும் உண்டு. இனிய கூட்டுறவு, மனத்துக்குகந்த பொழுதுபோக்கு என்று அவர் கூறும் பரிகாரங்கள் ஓய்வும் வசதியும் உள்ளவர்க்கே எளிதிற் கைகூடும். கூலிவேலைக் குடும்பத்துப் பிள்ளைக்கு அவற்றை ஆக்கித் தருவது ஜமாஅத்தின் கடமை.

மருந்தை முன்கூட்டிச் சேர்த்து வைப்பதுபோல, உள்ளம் அமைதியாயிருக்கும்போதே ஆறுதலான எண்ணங்களைச் சேர்த்து வைக்கச் சொல்கிறார் அல்பல்கீ. இதனை நம் மத்ரஸாக்களில் கற்பிக்கலாம். உள்ள நலம் பற்றிய பகுதியைச் சூடான் நாட்டு உளவியலறிஞர் மாலிக் பத்ரீ ஆங்கிலத்தில் பெயர்த்தார். அது 2013இல் வெளிவந்தது. கற்றோர் அதைப் படித்துப் பிறர்க்கு எடுத்துரைக்கட்டும். பெற்றோரே, பிள்ளை சோர்ந்திருந்தால் தொழச் சொல்லுங்கள். அவன் சொல்வதையும் கேளுங்கள். சோர்வு நீங்காவிடில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 2022 முதல் இயங்கிவரும் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, அதற்குக் கட்டணமில்லை. துஆவும் மருந்தும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல.