வெட்டினால் துளிர்க்காத மரம்

இடுக்கியின் உயர்மலைகளில் அயல் மரங்களை அகற்ற வேண்டும் என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. இயற்கைக் காடுகளை மீட்பதற்குக் கேரள அரசு 2021இல் ஒரு கொள்கையையே வெளியிட்டது. 2024 மே மாதம் வன வளர்ச்சிக் கழகம் யூக்கலிப்டஸ் நடலாம் என்று வந்த ஆணை, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாள்களிலேயே திருத்தப்பட்டது. நோக்கம் சரி. சிக்கல் அந்த நோக்கம் கையாளும் பட்டியலில் இருக்கிறது. வாட்டில், யூக்கலிப்டஸ் இனமான கிராண்டிஸ், பைன், சைப்ரஸ் என்று நான்கு பெயர்களை ஒரே மூச்சில் சொல்லி, நான்குக்கும் ஒரே கோடரியை நீட்டுகிறோம். இந்த நால்வரில் சைப்ரஸ் எண்ணிக்கையில் சிறியது. தேயிலைத் தோட்டங்களின் எல்லை வரிசைகளிலும், தேவாலய வளாகங்களிலும், வட்டவடைக்கு அந்தப் பக்கம் கொடைக்கானல் மலையின் பழைய வனத்துறைத் தோப்புகளிலும், உதகையின் கெய்ர்ன் ஹில்லிலும் அது நிற்கிறது. ஆனால் அகற்றும் கொள்கையின் பலத்தையும் ஓட்டையையும் சோதித்துப் பார்க்க அதைவிடப் பொருத்தமான மரம் கிடையாது.

முதலில் பலத்தைச் சொல்லிவிடலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளில் சோலைக்காடும் புல்வெளியும் அடுத்தடுத்து இருப்பதே இயல்பு. புல்வெளியைக் காடு அழிந்ததால் வந்த தரிசு என்று ஆங்கிலேய வன அதிகாரிகள் கணக்கெழுதினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் வனத்துறை அந்தக் கணக்கையே தொடர்ந்தது. நீலகிரியின் சதுப்பு மண்ணில் படிந்த கரிமத்தை ஆராய்ந்து 1993இல் வெளிவந்த ஆய்வு அந்தக் கருத்தை உடைத்தது: சுமார் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்திருக்கிறது. 1973 முதல் 2017 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட இன்னோர் ஆய்வு, இந்த மலையுச்சிகளில் ஏறத்தாழ 340 சதுர கிலோமீட்டர் புல்வெளியை, அதாவது இருந்ததில் 23 விழுக்காட்டை, அயல் மரங்கள் விழுங்கிவிட்டதாகக் காட்டியது. வரையாடு மேய்வதும் குறிஞ்சி பூப்பதும் அந்தப் புல்லில்தான். அங்கே நட்ட சைப்ரஸுக்கு ஆதரவாகச் சொல்ல எதுவும் இல்லை. நெருக்கி நட்ட தோப்புக்குள் குனிந்து பார்த்தால் போதும்: நண்பகலிலும் மங்கலான வெளிச்சம், காலடியில் மட்காத செதில் இலைகளின் பழுப்பு மெத்தை, அதைக் கிளறினால் வெறும் வேர்ப்பின்னல். ஒரு புல் தண்டுகூட இராது.

ஆனால் ‘கெட்டது’ என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு நடத்தைகளை அடைக்க முடியாது. கிராண்டிஸை வெட்டினால் அடிமரம் துளிர்க்கும்; ஒன்றுக்கு நான்காகக் கிளைத்து நிற்கும். வாட்டிலின் விதை பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். வெயில் பட்டாலோ தீ பரவினாலோ மொத்தமாக முளைக்கும். சைப்ரஸ் இரண்டும் செய்யாது. வெட்டினால் அடிமரம் செத்துப்போகும். விதை விழுந்து பரவுவதும் இந்த மலைகளில் மிகக் குறைவு. தண்ணீர்க் கணக்கிலும் இதே குழப்பம் உண்டு. நீலகிரியின் கிளென்மார்கனில் 1972இல் ஒரு புல்வெளிச் சரிவின் பாதிக்கு மேற்பட்ட பரப்பில் யூக்கலிப்டஸ் நட்டு, பக்கத்துப் புல்வெளிச் சரிவோடு ஒப்பிட்டார்கள். முதல் பத்தாண்டில் ஓடைநீர் 16 விழுக்காடு குறைந்தது. வெட்டிய மரம் துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் இழப்பு 25 விழுக்காட்டை ஒட்டியது. மேடையில் பேசுவோர் இந்த எண்களை எல்லா அயல் மரத்தின் தலையிலும் கட்டுகிறார்கள். என்றும் பசுமையான அடர்ந்த மரம் புல்லைவிட அதிக நீர் குடிக்கும் என்பதால் திசை சைப்ரஸுக்கும் பொருந்தலாம். அளவு பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள எந்த நியாயமும் இல்லை.

இந்த வேறுபாட்டிலிருந்து ஒரு விசித்திரமான முடிவு வருகிறது. சைப்ரஸ் அகற்றுவதற்கு மிகச் சுலபமான மரம்; அகற்ற அவசரப்பட வேண்டாத மரமும் அதுவே. சுலபம் என்பதால் அதை முதலில் வெட்டும் ஆசை வரும். பல ஏக்கர் ‘மீட்டெடுத்தோம்’ என்று அறிக்கையும் எழுதலாம். ஆபத்து அங்கேதான். அந்தத் தோப்பின் நிழலே பக்கத்து வாட்டில் விதையை முளைக்கவிடாமல் அழுத்தி வைத்திருக்கும் இடங்கள் உண்டு. கூரையைத் திறந்தால் வரப்போவது புல் அல்ல, வாட்டில் புதர். கொடைக்கானலில் வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையை நடத்திய பாப் ஸ்டூவர்ட், டான்யா பால்கர் இருவரும் நெடுங்காலம் வற்புறுத்தியது இதைத்தான்: பழைய தோட்ட மரங்களின் நிழலில் சோலை மரங்களின் கன்றுகள் தாமாக முளைக்கின்றன, ஒட்டுமொத்தமாக வெட்டித் தள்ளினால் அந்தக் கன்றுகளும் போய்விடும். அவர்கள் வாதத்தை எல்லா இடத்துக்கும் நீட்டக் கூடாது. சோலையின் விளிம்பில் அது சரி, திறந்த புல்மேட்டில் சரியல்ல. ஆனமுடிச் சோலையில் பழத்தோட்டம் என்ற இடத்தில் தீக்குப் பிறகு வாட்டிலைக் களைந்து உள்ளூர்ப் புல்லைக் கையால் நட்டு மீட்டிருக்கிறார்கள். அங்கே நிழலை நம்பிக் காத்திருந்தால் புல் வந்திருக்காது.

அயல் மரம் அயல் மரம்தானே, பிறந்த ஊரே போதுமான அளவுகோல் இல்லையா என்று கேட்பவர்களுக்குப் பதில் பாலக்காட்டுப் பக்கம் இருக்கிறது. பறம்பிக்குளத்தில் தேக்கு இயல்பாகவே வளரும். கன்னிமரைத் தேக்கைப் பார்க்கச் சேத்துமடை வழியாக ஆள்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். அதே பறம்பிக்குளத்தில், கொச்சி சமஸ்தானத்தின் வன டிராம்வே 1907இல் ஓடத் தொடங்கி மரங்களைச் சாலக்குடிக்கு இறக்கிய பிறகு, பல்லுயிர்க் காடு இருந்த இடங்களில் வரிசை வரிசையாகத் தேக்கு மட்டும் நடப்பட்டது. சொந்த ஊர்க்காரர்தான், ஆனால் தனியாட்சி. ஒற்றைப் பயிர்த் தேக்கு, பிறப்புச் சான்றிதழைக் காட்டித் தப்பித்துக்கொள்வது வேடிக்கை. முன்பு அந்த மண்ணில் என்ன இருந்தது, வெட்டினால் அடுத்து என்ன வரும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பிறந்த ஊர் விடை தராது.

இன்னொரு பக்கத்திலிருந்து வரும் ஆட்சேபம் மரவேலைக்காரர்களுடையது. சைப்ரஸ் நல்ல மரமாயிற்றே, வைரம் பாய்ந்த பகுதியைக் கரையான் சுலபமாகத் தொடாது, மணம் உண்டு, இழைத்தால் வழவழப்பாக வரும், ஏன் வளர்க்கக் கூடாது? கென்யாவில் மெக்சிகோ சைப்ரஸ்தான் கட்டட மரத்தின் முதுகெலும்பு என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பலகை கிடைப்பது கிளை கழித்து, இடை கலைத்து வளர்த்த தோப்பிலிருந்து. தானாக உதிராத அடிக்கிளைகளை இளமையிலேயே கழிக்காவிட்டால் ஒவ்வொன்றும் பலகையில் ஒரு கணுவாக நிற்கும். காய்ந்த கணு ரம்பத்துக்குப் பிறகு கழன்று விழுந்து ஓட்டை விடும். நம் மலைகளில் நட்டுவிட்டு மறந்த தோப்புகளில் பெரும்பகுதி கம்புக்கும் விறகுக்கும்தான் தேறும். மேலும் ஒற்றை இனத்தை நம்பியதன் விலையைக் கிழக்கு ஆப்பிரிக்கா கொடுத்தது: 1986இல் மலாவியில் தென்பட்ட சைப்ரஸ் அசுவினி சில ஆண்டுகளில் கென்யா வரை தோப்புகளைக் காயவைத்தது. வட்டவடை விவசாயி சைப்ரஸ் பக்கம் திரும்பாததற்குக் காரணம் இதைவிட எளியது. பூண்டுக்கும் உருளைக்கும் ஆள் கிடைக்காத நிலத்தில் கிராண்டிஸ் நட்டால் ஒருமுறை வெட்டியபின் அதுவே துளிர்க்கும். சைப்ரஸை மறுபடி நட வேண்டும். கலிபோர்னியாவின் மான்டெரே கரையில் இரண்டே இயற்கைத் தோப்புகளில் எஞ்சியிருக்கும் சைப்ரஸ் இனத்தை இங்கே காக்கிறோம் என்ற வாதமும் எனக்கு ஒட்டவில்லை. எந்த விதையிலிருந்து வந்தது என்ற பதிவில்லாத வேலிமரம் ஓர் இனத்தின் காப்பகம் ஆகாது. ஊசியிலை இனத்தைக் காக்கும் ஆர்வம் இருந்தால், தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே ஊசியிலை இன மரமான நிறம்பல்லி இந்த மலைகளின் மழைக்காட்டிலேயே இருக்கிறது. அதன் நாற்றைத்தான் யாரும் தேடுவதில்லை.

ஆக, தேயிலை எல்லையிலும் தேவாலய வாசலிலும் நிற்கும் சைப்ரஸ் ஆயுள் முடியும்வரை நிற்கட்டும். சோலையை ஒட்டிய தோப்பில் சில சில மரமாகக் கலைத்து, கீழே முளைத்த கன்றுகளுக்கு வெளிச்சம் விடலாம். புல்வெளியாக இருந்த மேட்டில் முழுவதும் வெட்டத்தான் வேண்டும். ஆனால் வாட்டில் முளையைப் பிடுங்கவும் புல் நடவும் ஆள் நிச்சயமான பிறகு. இன்றைய வெட்டு ஒப்பந்தம் கடைசி லாரி கீழே இறங்கியதோடு முடிந்துவிடுகிறது. வேலை தொடங்குவதே அப்போதுதான். மரத்தை ஏலம் விட்ட பணத்தில் ஒரு பங்கை அந்தச் சரிவின் பெயரிலேயே ஒதுக்கி, பத்தாண்டுக் களையெடுப்பை அதே ஒப்பந்தத்தில் எழுதி, வட்டவடை, கோவிலூர் மக்களுக்கும் முதுவர் குடிகளுக்கும் அந்தக் கூலியை உறுதிசெய்யாதவரை, எந்தப் புல்மேட்டிலும் ரம்பம் வைக்க அனுமதி தரக் கூடாது.